ஜெபக்கனி கண்ணாடிக்குள் போன கதை

கரட்டுவிளை ஜெபக்கனி சாட்சி அறைக்குள் போனபோது எல்லோரையும் போல மூக்கும் முழியும் உள்ள பெண்ணாகத்தான் போனாள். மாநிறம், ஒடிசலான உடம்பு, இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் அம்மை விட்டுப்போன ஒரு குழி, இதையெல்லாம் அன்று கோர்ட்டு நிறைய ஜனம் பார்த்திருக்கிறது. வெளியே வந்தபோது அவள் அந்த அறையின் கண்ணாடியைப் போலவே வெளுத்திருந்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு வெண்மை, நடக்கிறது, நிற்கிறது, முந்தானையை இழுத்துச் செருகுகிறது. ஆனால் கண் எது, வாய் எது, சேலைக் கரை என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் போல இருந்தாள்.

அவள் அங்கே போக நேர்ந்தது புருஷனுக்காக. அவள் புருஷன் கோயில்பிச்சை கிணற்று மோட்டார் மெக்கானிக். ஊருக்கு மேற்கே இருந்த பாறைக் கரட்டை லிங்கதுரை குவாரிக்கு எடுத்து வெடி வைக்க ஆரம்பித்த பிறகு, கரட்டுவிளையில் சுவருக்குச் சுவர் விரிசல் ஓடியது, தொட்டில் பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் வெட்டி வெட்டி விழித்தன, கிணறுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக் கடைசியில் ஈர மண்ணாகிப் பிறகு வெறும் மண்ணாயின. கிணற்றுக்குள் இறங்கி இறங்கி வந்த கோயில்பிச்சைக்கு இது எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது. ஊரில் பாதிப் பேர் குவாரியில் கல் உடைத்தார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொந்தக்காரர்கள், ஆகையால் ஊர் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒருத்தன்தான் கலெக்டர் ஆபீசுக்கு மனுவும் கையுமாக அலைந்தான், குவாரியை அளக்க ஆள் வருகிற அளவுக்கு அலைந்துவிட்டான்.

ஆள் வருவதற்கு முந்தின நாள், பட்டப்பகலில், குவாரி ரோட்டில் ஒரு டிப்பர் லாரி அவன் வண்டியை இடித்துத் தள்ளியது. நூறு நாள் வேலை முடிந்து குளத்துக் கரை மேல் வந்துகொண்டிருந்த ஜெபக்கனி அதைப் பார்த்தாள். இடித்ததைப் பார்த்தாள், புருஷன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டான் என்று அவள் மனசு நிம்மதிப்பட்ட அந்த நேரத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த லிங்கதுரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்ததைப் பார்த்தாள், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு டிரைவரிடம் ஏதோ சொன்னதைப் பார்த்தாள், லாரி பின்னோக்கி வந்ததைப் பார்த்தாள்.

பார்த்தவள் அவள் மட்டும் இல்லை. கோயில்பிச்சைக்குக் கூடப்பிறந்த அண்ணன் தாசையா குவாரியின் எடைமேடையில் வேலை பார்த்தான், அங்கேயிருந்து அந்த ரோடு முழுக்கத் தெரியும். அவன் போலீசிடம் தான் அந்த நேரம் குனிந்து ரசீது போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னான். தம்பியை அடக்கம் பண்ணும்போது குழிக்குள் விழுந்து அழுதவனும் அவன்தான்.

அவள் விடவில்லை. விபத்து என்று முடிந்த வழக்கு அவள் கொடுத்த வாக்குமூலத்தால் கொலை வழக்கு ஆனது. ஆனதும் சாயங்காலம் தோறும் இரண்டு பைக்குகள் அவள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றன. வந்தவர்கள் திட்டவில்லை, மிரட்டவில்லை, மகள் எஸ்தர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று மட்டும் ஒரு நாள் மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். அதைக் கேட்ட அரசு வக்கீல் கோமதிநாயகம், நல்ல மனுஷர், புதிதாகக் கட்டிய சாட்சி அறையில் வைத்து அவளை விசாரிக்க உத்தரவு வாங்கினார்.

அந்த அறைக்கும் கோர்ட்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே கண்ணாடிதான் சுவர். கரண்டு பாய்ந்தால் அது தண்ணீர் மாதிரி தெளியும், கரண்டு நின்றால் பால் மாதிரி வெளுக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளிகள் சிதறிக் கிடக்கின்றன, கரண்டு பட்டதும் அவையெல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசைக்கு வந்துவிடும் என்று கண்ணாடி மாட்ட வந்தவர்கள் சொன்னார்களாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இதைத்தான் போடுகிறார்கள், கம்பெனிகளில் ஆளை வேலையை விட்டு அனுப்புகிற அறைக்கு இதைத்தான் போடுகிறார்கள், பெரிய ஓட்டல்களில் குளியலறைக்கே இதைத்தான் போடுகிறார்கள் என்று கோர்ட்டு டவாலி அவளுக்கு விவரம் சொன்னார். அவள் பேசுகிற வரைக்கும் கண்ணாடி வெளுத்திருக்கும், எதிரிகளுக்கு அவள் முகம் தெரியாது. எதிரியை அடையாளம் காட்டுகிற நேரத்துக்கு மட்டும் ஒரு நிமிஷம் தெளிய வைப்பார்கள்.

உள்ளே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கையை ஊன்றி எழுந்ததையும் சொன்னாள். இனி அடையாளம் காட்டவேண்டும் என்றார்கள். அந்த வெள்ளைக்கு அந்தப் பக்கம் லிங்கதுரை நிற்கிறான், சுவிட்சைப் போட்டதும் அவன் கண் தன் மேல் விழும், விழுந்த கண் எஸ்தர் மேலும் விழும் என்று அவள் நினைத்தாள். அவன் என்னைப் பார்க்கக் கூடாது ஆண்டவரே, எவனும் என்னைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கோர்ட்டு வளாகம் முழுக்கக் கரண்டு போனது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, ஜட்ஜ் வாய்தா போட்டுவிட்டு எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு அவள் வெளுத்து வெளியே வந்தாள்.

டவாலி அவளைப் பார்த்துவிட்டு, கரண்டு வந்ததும் தெளிந்துவிடும், பெஞ்சில் உட்காரு என்றார். கரண்டு வந்தது, கண்ணாடி தெளிந்தது, அவள் தெளியவில்லை. கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு குரல் வந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "இதுவும் நமக்கு நல்லதும்மா, இனி உன்னை எவனும் அடையாளம் காட்ட முடியாது" என்றார்.

ஊர் இதற்கு அதிசயப்படவில்லை. பஸ் கண்டக்டர் முதல் நாள் கொஞ்சம் தயங்கினார், மறுநாளிலிருந்து அந்த வெள்ளைக்கு நேராகக் கையை நீட்டி மகளிர் டிக்கெட்டைக் கொடுத்தார். ரேஷன் கடையில் மிஷின் அவள் கட்டைவிரலை ஒத்துக்கொண்டது, ஆகையால் அரிசி போட்டார்கள். வேதக்கோயிலில் அவள் வழக்கமாக உட்காரும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெண்மை உட்கார்ந்து முட்டி போட்டு எழுந்தது, சபை ஐயர் நற்கருணை கொடுக்கும்போது அப்பத்தை வாய் இருக்கக்கூடிய உயரத்துக்குக் கொண்டுபோனார், அது காணாமல் போனது. உள்ளபடி சொன்னால் ஊருக்கு இது சௌகரியமாக இருந்தது. கோயில்பிச்சை செத்ததிலிருந்து அவள் எதிரே வந்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பவேண்டியிருந்தது, காலைப் பார்க்கவேண்டியிருந்தது, காய்கிற துணியைத் திரும்ப உதறிக் காயப்போடவேண்டியிருந்தது. இப்போது நேராகவே பார்க்கலாம், பார்த்துக்கொண்டே பேசலாம், ஏனென்றால் அங்கேயிருந்து திரும்பிப் பார்க்க ஒரு கண் கிடையாது. அவளோடு பேச்சை விட்டிருந்த பெண்கள் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள். தாசையா ஒரு நாள் வந்து வாசலில் நின்று, பிள்ளைக்கு ஏதும் வேணுமா என்று அந்த வெள்ளையிடம் கேட்டான். கண் இருந்திருந்தால் அவன் வந்திருக்க மாட்டான் என்று ஜெபக்கனிக்குத் தெரிந்தது.

பைக்குகளும் வருவதை நிறுத்தின. முகம் தெரியாத ஆளை முறைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் வருஷம் அவள் இதை ஒரு விடுதலையாகக்கூட நினைத்தாள். அழலாம், யாருக்கும் தெரியாது. கெட்ட வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு லிங்கதுரையின் காருக்குப் பக்கத்தில் நடந்து போகலாம்.

எஸ்தருக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அம்மாவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொள்வாள், புருவத்துக்கு மேலே அந்தக் குழி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள். கோபமா சிரிப்பா என்று கன்னத்தைத் தொட்டுக் கண்டுபிடிப்பாள். ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்கள், கையால் பார்ப்பது மெள்ள மெள்ளக் குறைந்தது, பிறகு காய்ச்சல் வந்த நாளில் மட்டும் என்று ஆனது, பிறகு அதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அப்பாவை மீசையோடு வரைந்திருந்தாள், தன்னை ரெட்டைச் சடையோடு வரைந்திருந்தாள், நடுவில் தாளை அப்படியே விட்டிருந்தாள். நல்லாயிருக்கு என்றாள் ஜெபக்கனி.

வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்தது. ஜட்ஜ் மாறினார், பிறகு இன்னொருவரும் மாறினார். ஒரு வழியாக விசாரணை எடுத்தபோது லிங்கதுரையின் வக்கீல் எழுந்து, சாட்சி எதிரியை அடையாளம் காட்டுவது இருக்கட்டும், முதலில் சாட்சியை யார் அடையாளம் காட்டுவது என்று கேட்டார். கோமதிநாயகம் கட்டைவிரல் ரேகையைச் சொன்னார். ரேகை விரலுக்குத்தான் அத்தாட்சி, சொல்வது பொய்யா மெய்யா என்று முகத்தைப் பார்த்தல்லவா கோர்ட்டு தெரிந்துகொள்ளவேண்டும், இங்கே முகம் எங்கே என்றார் லிங்கதுரையின் வக்கீல். கேட்க நியாயம் மாதிரியே இருந்தது. ஜட்ஜ் யோசித்துவிட்டு, நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து இவர்தான் ஜெபக்கனி என்று சொல்லட்டும் என்றார். தாசையாவுக்குச் சம்மன் போனது.

தாசையா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். அவனை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பந்தி பரிமாறியவள், அவன் மூத்த மகனை மடியில் போட்டுக் குளிப்பாட்டியவள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "அத்தான், நான்தான்" என்றாள்.

அவன் கேட்டான். அந்தக் குரலை அவன் கேட்டான் என்பது அவன் ஓரெட்டு பின்னால் போனதிலேயே தெரிந்தது. பிறகு ஜட்ஜைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "முகம் தெரியலையே ஐயா, எப்படிச் சொல்ல?" என்றான்.

மத்தியானம் கோமதிநாயகம் அவளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். எஸ்தர் வந்து சாட்சி அறைக்குள் அம்மாவோடு உட்கார்ந்து, முகத்தைத் தொட்டுப் பார்த்து, இது என் அம்மாதான் என்று சொன்னால் ஜட்ஜ் ஒத்துக்கொள்வார், தான் பேசிவிட்டதாகச் சொன்னார். சின்னப் பிள்ளை, அதனால் அந்த அறையில் வைத்துத்தான் கேட்பார்கள், வெளுத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வைப்பார்கள், எதிரி பார்க்க முடியாது, பயம் இல்லை என்றார்.

புருஷன் கையை ஊன்றி எழுந்தது ஜெபக்கனியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. இத்தனை வருஷமும் அவன் அப்படியே, பாதி எழுந்தபடியே, அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு ஒரு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவன் எழுந்தாவது நிற்பான், இல்லை படுத்தாவது கொள்வான் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு தான் எப்படி வெளியே வந்தாள் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"என் பிள்ளையை அதுக்குள்ள விட மாட்டேன் ஐயா."

"வழக்கு போயிரும்மா."

"தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு நல்ல மனுஷராகிய கோமதிநாயகம் பதவிக்காலம் முடிந்து போய்விட்டார். லிங்கதுரைக்கு அந்தக் கண்ணாடி பிடித்துப்போயிருந்தது, குவாரி ஆபீசில் தன் அறைக்கும் அதையே வாங்கிப் போட்டான். கல் தெறித்துக் கண் போனவன், காசநோய் வந்து இருமுகிறவன், கூலி பாக்கி கேட்கிறவன் யார் வந்து நின்றாலும் மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்சைத் தட்டுவான், வந்தவன் வெள்ளையைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்புவான். கரட்டுவிளைக்காரர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் முதலாளி சந்தோஷமாக இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சீக்கிரமாக உள்ளே போவார்கள்.

எஸ்தர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் புதிதாக வந்த ஜட்ஜ் பழைய வழக்குகளையெல்லாம் முடிக்கவேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். சாட்சி யாராக இருந்தாலும் இருக்கட்டும், அடையாளம் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். ஜெபக்கனிக்கு அன்று பயமே இல்லை. அந்த அறைக்குள் போய் உட்காரவில்லை, நின்றாள். காட்டுகிற விரலைத் தயாராக நீட்டிக்கொண்டே நின்றாள். சுவிட்சைப் போட்டார்கள். இந்தத் தடவை கரண்டு இருந்தது, கண்ணாடி மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் தெளிந்தது, அதே மூச்சில் தன் மேலிருந்தும் ஏதோ கழன்று போவதை அவள் உணர்ந்தாள். கையைப் பார்த்தாள். கை இல்லை. கை இருந்த இடத்தில் பின்னாலிருந்த சுவரின் மஞ்சள் சுண்ணாம்பு தெரிந்தது. வெள்ளையும் போயிருந்தது, வெள்ளைக்குள் இருந்தவளும் தெரியவில்லை. தெளிந்த கண்ணாடிக்குள் ஒரு நாற்காலியும் மைக்கும்தான் இருந்தன.

சாட்சி எங்கே என்று ஜட்ஜ் கேட்டார்.

"இங்கதான் ஐயா நிக்கேன். அந்தா நிக்காரே, அவருதான். லிங்கதுரை. அவருதான் பின்னால எடுக்கச் சொன்னாரு."

குரல் மைக்கில் ஹால் முழுக்கக் கேட்டது. எதிரியின் வக்கீல் எழுந்து, அந்தா என்றால் எந்தப் பக்கம், எந்தக் கை, எந்த விரல், பெயர் ஊருக்கே தெரிந்த பெயர்தானே, சட்டப்படி சுட்டிக்காட்ட வேண்டாமா என்றார். ஜட்ஜ் அந்த நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய விரலை மடக்கவே இல்லை, வலி தோளுக்கு ஏறுகிறவரை நீட்டிக்கொண்டிருந்தாள். லிங்கதுரை முதல் தடவையாக நிமிர்ந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்தான், அவன் பார்வை அவள் வழியாகப் போய்ச் சுவரில் பட்டது.

அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. வெளுத்து இருந்தபோது வெள்ளை தெரிந்ததால் ஒதுங்கிப் போனார்கள், இப்போது இடித்துக்கொண்டார்கள், இடித்த பிறகு தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்கள், யார் என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் மிஷின் மட்டும் முன்போலவே விரலை ஒத்துக்கொண்டது. கோயிலில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆட்கள் வந்து உட்காரப் பார்த்ததால் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றாள்.

தீர்ப்பு நாளில் எஸ்தரும் கூட வந்தாள். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று ஜட்ஜ் வாசித்தார். வெளியே வராந்தாவில் லிங்கதுரையின் ஆட்கள் வெடி போட்டார்கள், ஒருவன் பெரிய தட்டில் லட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீல்களுக்கும் போலீசுக்கும் டவாலிக்கும் நீட்டிக்கொண்டே வந்தான். தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன் தாசையா. எஸ்தருக்கு முன்னால் வந்ததும் அவன் நின்றான், தட்டு நின்றது, சுற்றியிருந்த கரட்டுவிளைக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். மகளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றிருந்த ஜெபக்கனி அவள் கையைப் பிடித்தாள். எஸ்தர் அந்தப் பிடியை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஒரு லட்டை எடுத்தாள். எல்லோரும் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களை வெட்டியிருந்தார்கள். எஸ்தர் லட்டைத் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை, கையிலேயே வைத்திருந்தாள், நெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது.

"ஏன்டி வாங்குன?" என்று ஜெபக்கனி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

எஸ்தர் குரல் வந்த பக்கம் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "நாளைக்கும் அந்த ஊர்லதானம்மா இருக்கணும்" என்றாள்.

மேற்கே சாய்ந்த வெயில் மகளின் முகத்தில் நேராக அடித்தது. எல்லா அம்மாக்களும் செய்வதைப் போல ஜெபக்கனி யோசிக்காமலே ஓரெட்டு நகர்ந்து, மகளுக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் நிமிர்ந்து நின்றாள். வெயில் கொஞ்சமும் குறையாமல் அவள் வழியாகப் போய் எஸ்தரின் முகத்தில் விழுந்தது. எஸ்தர் கண்ணைச் சுருக்கி, லட்டு இல்லாத கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டாள். பஸ் வருகிறவரை ஜெபக்கனி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.